பல்லி செய்யாத குற்றம்

‘பல்லி விழுந்த உணவைச் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, மயக்கம்.’ இந்தத் தலைப்பு இல்லாமல் தமிழ்நாட்டில் ஒரு வருஷம் கழிவதில்லை. இடம் மட்டும் மாறும். ஒரு தடவை சத்துணவுக் கூடம், இன்னொரு தடவை கல்யாண மண்டபம், அடுத்த தடவை கோயில் அன்னதானம். தெலங்கானாவில் மேடக் மாவட்டத்து ராமாயம்பேட்டையில் 2024 ஜூலையில் விடுதி உப்புமாவில் பல்லி கிடந்தபோதும் இதேதான் நடந்தது. அதிகாரிகள் வருவார்கள், சமையல்காரர் மேல் நடவடிக்கை பாயும், குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டவர்கள் வீடு திரும்புவார்கள். பல்லி விழுந்தது, அதனால் விஷமாயிற்று என்ற ஒரே வரியோடு விசாரணை முடிந்துவிடும். பல்லிக்கு விஷம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை.

இல்லை என்பதுதான் பதில். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு விஷப்பை கிடையாது, விஷப்பல் கிடையாது, தோலிலும் வாலிலும் நஞ்சு கிடையாது. ஐயத்துக்கிடமில்லாமல் விஷக்கடி உள்ள பல்லியினம் என்று சொல்லத்தக்கவை வட அமெரிக்கப் பாலைநிலங்களில் வாழும் கிலா மான்ஸ்டரும் அதன் மெக்சிகோ உறவினமும்தான். அவற்றின் விஷமும் கடித்து உடம்புக்குள் இறங்கினால்தான் வேலை செய்யும். அது புரதம், அரை மணி நேரம் சாம்பாரில் கொதித்தால் உருக்குலைந்து போகும். பாளையங்கோட்டை வீட்டுச் சமையலறையில் விளக்கைச் சுற்றும் பூச்சியைத் தின்று பிழைக்கும் பிராணிக்கு இந்த வல்லமையை நாம்தான் ஏற்றி வைத்திருக்கிறோம்.

இதை அறியாமை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போக என்னால் முடியவில்லை. இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும். பல்லி கொல்லாது, பல்லியைப் பிடித்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறோமே, அது கொல்லும்.

பல்லியின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி இருப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. இதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. ஆனால் அந்தக் கிருமி கொதியில் சாகும். இறக்கிவைத்து ஆறிய குழம்பில் பல்லி விழுந்து, கிருமி தப்பிப் பெருகியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சாப்பிட்டவருக்கு நோய் காண ஆறு மணி நேரமாவது ஆகும். பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து முப்பத்தாறு மணி நேரம். காய்ச்சலும் சேர்ந்து வரும். பந்தியில் உட்கார்ந்த இடத்திலேயே, இலையை எடுப்பதற்குள் ஒருவர் வாந்தி எடுத்தால் அதற்குப் பல்லியின் கிருமி காரணமாக இருக்க வழியே இல்லை. சந்தேகப்பட வேண்டியவை வேறு, அவற்றைக் காட்டித்தருவது கடிகாரம்.

சாப்பிட்டு இரண்டு, மூன்று மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் இல்லை என்றால் முதல் சந்தேகம் ஸ்டஃபைலோகாக்கஸ் மேல். சமைத்தவர் அல்லது பரிமாறியவர் கையில் உள்ள புண்ணிலிருந்தோ, மூக்கிலிருந்தோ சோற்றில் இறங்கி, அது வெதுவெதுப்பாகக் கிடந்த நேரத்தில் நச்சைச் சுரந்திருக்கும். அந்த நச்சு சூட்டுக்கு அசையாது. திரும்பச் சுடவைத்தாலும் போகாது. சோறு, பிரியாணி, புளியோதரை மணிக்கணக்கில் கிடந்திருந்தால் பேசில்லஸ் சீரியஸ். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் கிடந்து, ஆறும்போது முளைக்கும். எட்டு, பத்து மணி நேரம் கழித்து வாந்தி அதிகமில்லாமல் வயிற்றைப் பிசைந்துகொண்டு பேதி போனால் கறிக்குழம்பைப் பாருங்கள். அங்கே வேலை செய்வது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். மறுநாள் காய்ச்சலோடு தொடங்கினால் முட்டை, கோழி, அல்லது தண்ணீர். அரை மணிக்குள் வாயில் எச்சில் ஒழுகி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, உடம்பு வெட்டினால் அது கிருமியே அல்ல, பூச்சிமருந்து. அந்த இடத்தில் ஒரு நிமிஷமும் வீணாக்கக் கூடாது.

எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்ற இரண்டு கேள்வியே பாதி விடையைத் தந்துவிடும். பல்லியைத் தேடிப் பாத்திரத்துக்குள் கரண்டியை விட்டுக் கலக்குகிறவர்கள் இந்த இரண்டையும் கேட்பதில்லை.

தாமிரபரணிக் கரையில் கோயில் கொடை நடப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும். சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் முத்தாரம்மனுக்கும் ஊர் ஊராகக் கொடை. தலைக்கட்டு வரி பிரித்து, மும்பையிலும் திருப்பூரிலும் இருக்கிற சொந்தமெல்லாம் வந்து சேர்ந்து, வில்லுப்பாட்டும் கணியான் ஆட்டமும் முடிந்து, சாமக்கொடையில் கிடா வெட்டி, விடியுமுன் அடுப்பு எரியும். நாலு மணிக்கு இறங்குகிற கறிக்குழம்பு அண்டாவிலேயே இருக்கும். மேலே வாழையிலை, அதன்மேல் ஒரு சாக்கு. முதல் பந்தி காலையில் நடக்கும். கடைசிப் பந்தி உட்காரும்போது மதியம் இரண்டு தாண்டியிருக்கும். அதற்குமேல் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு போய் வீட்டில் வைத்து ராத்திரியும் சாப்பிடுவார்கள்.

பெரிய அண்டாவில் இருக்கிற குழம்பு மேலே ஆறினாலும் நடுவில் மணிக்கணக்காக இளஞ்சூட்டில் இருக்கும். காற்றுப் புகாத ஆழம், இறைச்சிச் சாறு, இதமான சூடு. பெர்ஃப்ரிஞ்சன்ஸ் கிருமிக்கு வேண்டியது இது மட்டுமே. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும் கிருமி ஒன்று, நாலு மணி நேரத்தில் நாலாயிரத்துக்கு மேல் ஆகிவிடும்; எட்டு மணி நேரத்தில் ஒன்றரைக் கோடியைத் தாண்டும். 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழ் குளிர்ச்சியாகவோ இல்லாத எந்தச் சாப்பாட்டிலும் இதுதான் நடக்கிறது. சைவக் கல்யாணமும் தப்பாது. மறுவீட்டுச் சொதி எங்கள் ஊருக்குப் பெருமை. தேங்காய்ப்பாலில் ஆன அந்தச் சொதியைக் காலையில் வைத்து, சித்திரை வெயிலில் மூன்றாம் பந்திக்கு ஊற்றினால் எந்தச் சமையல்காரத் தவசுப்பிள்ளையின் கைப்பக்குவமும் அதைக் காப்பாற்றாது. தவசுப்பிள்ளைக்கு இது தெரியும். ‘சீக்கிரம் பந்தியை முடிங்க, சொதி தாங்காது’ என்று அவர் சொல்லத்தான் செய்வார். மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை, போட்டோ எடுக்கவில்லை என்று தாமதப்படுத்துவது நாம். பிறகு நாலு பேருக்கு வயிற்றால் போனதும் பழி பல்லிக்குப் போய்விடுகிறது.

பல்லி மேல் பழி போட்டால் யாருக்கும் நோகாது என்பதுதான் இந்த நம்பிக்கையின் பலம். ஊர்க்கமிட்டிக்குத் தலைகுனிவு இல்லை, கேட்டரிங் எடுத்தவருக்கு நஷ்டம் இல்லை, மண்டபத்துக்காரர் தண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார் என்று கேட்க வேண்டியதில்லை. ஆற்றிலிருந்து நேராக மோட்டார் போட்டு இழுத்த தண்ணீர் குளோரின் கண்டதா என்று யாரும் கேட்பதில்லை. தாமிரபரணித் தண்ணீர் மருந்து என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். கரையோர ஊர்களின் சாக்கடை எங்கே கலக்கிறது என்பதும் நமக்குத் தெரியும்.

பல்லி கிடைக்காதபோது விரல் எங்கே நீளும் என்பதையும் சொல்ல வேண்டும். அது அடுப்படியில் நிற்கிற பெண்ணிடம் நீளும். ‘மூடி வைக்கலை’ என்பார்கள். அவள் என்ன சாதி என்று தெரிந்தால் குரல் இன்னும் உயரும். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் பக்கத்து உசிலம்பட்டிப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகவே பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிடவிடாமல் பெற்றோர் தடுத்தார்கள், அமைச்சரும் எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. யார் சமைத்தார் என்று மட்டும் கேட்டுப் பழகிய சமூகம், எத்தனை மணி நேரம் கிடந்தது என்று கேட்காது. கிருமிக்குச் சாதி தெரியாது. நேரம் மட்டும்தான் தெரியும்.

சரியாகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு பழைய விருந்து சாட்சி. 1940 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆஸ்வீகோ வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் தேவாலய விருந்து நடந்தது. நம் அசன விருந்தைப் போல, வீட்டு வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்து எல்லோரும் கூடிச் சாப்பிட்டது. அன்று ராத்திரியே பலருக்கு வாந்தியும் பேதியும். விசாரிக்க வந்த சுகாதார அதிகாரிகள் பாத்திரத்தில் எது மிதக்கிறது என்று தேடவில்லை. சாப்பிட்டவர்களில் 75 பேரை உட்காரவைத்து, யார் யார் எதை எதைச் சாப்பிட்டார்கள் என்று எழுதினார்கள். நோய் கண்டவர்கள் 46 பேர். நோய் காணாத 29 பேரையும் விடாமல் கேட்டார்கள், அதுதான் சூட்சுமம். வெனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய். சாப்பிடாத 21 பேரில் மூன்றே பேருக்கு. இறைச்சி, காய், ரொட்டி எதிலும் இப்படி ஒரு வித்தியாசம் இல்லை. பென்சிலும் தாளும் கொண்டு குற்றவாளியைப் பிடித்துவிட்டார்கள். தொற்றுநோய் விசாரணை படிக்கிறவர்களுக்கு இன்றும் அது பாடம். நம் ஊர்களில் நோய் வராதவரை யாரும் கேட்பதே இல்லை. ‘உங்களுக்கு ஒண்ணுமில்லையே, போங்க’ என்று அனுப்பிவிடுகிறோம்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். எண்ணெயில் வாடை சரியில்லை என்று சமையல்காரப் பெண் சொல்லியும் தலைமையாசிரியை கேட்கவில்லை. அந்த எண்ணெயில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து என்று தடய அறிவியல் ஆய்வகம் கண்டது. 2018 டிசம்பர் 14 அன்று ஈரோடு மாவட்டத்தை ஒட்டிய கர்நாடகத்துச் சாமராஜநகரில், சுலவாடி மாரம்மன் கோயில் பிரசாதம் சாப்பிட்டு 17 பேர் இறந்தார்கள். அங்கும் மோனோகுரோட்டோபாஸ்தான்; கோயில் நிர்வாகத் தகராறில் வேண்டுமென்றே கலந்தது. சிந்திய சோற்றைத் தின்ற காக்கைகளும் செத்துக் கிடந்தன. இந்த இரண்டு பாத்திரத்திலும் தற்செயலாக ஒரு பல்லி கிடந்திருந்தால்? பல்லி என்று சொல்லிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். எண்ணெய் ஆய்வகத்துக்குப் போயிருக்காது. மருத்துவருக்கு அட்ரோபின் என்ற மாற்றுமருந்து நினைவுக்கு வர இன்னும் எத்தனை உயிர் போயிருக்குமோ. நம் நெல்வயல் ஊர்களிலும் பூச்சிமருந்து வந்த டப்பாவைக் கழுவி எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் வைத்துக்கொள்கிற வீடுகள் உண்டு. அந்த டப்பாவை அல்லவா தேட வேண்டும்?

‘நாங்க கண்ணால பார்த்தோம், பல்லி விழுந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு எல்லாரும் வாந்தி எடுத்தாங்க’ என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. பாத்திரத்தில் பல்லி என்று ஒருவர் கத்தினால், சாப்பிட்டவருக்குக் குமட்டும். ஒருவர் எடுத்தால் பக்கத்தில் இருப்பவரும் எடுப்பார். பள்ளிக்கூடத்தில் இது ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் பரவும். அந்த வாந்தி நடிப்பல்ல. அருவருப்பும் பயமும் வயிற்றைப் புரட்டுவது உடம்பின் இயல்பு. ஆனால் அது விஷம் ஆகாது. அவர்களைத் தனியே உட்காரவைத்து ஆறுதல் சொன்னாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இன்னொன்றும் கவனியுங்கள். ஆட்களுக்கு வாந்தி வந்த பிறகுதான் பாத்திரத்தைத் துழாவுகிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகாத ஆயிரம் பந்தியில் குழம்போடு வெந்துபோன பல்லியை யார் தேடினார்? பல தடவை துழாவியும் பல்லி அகப்படுவதில்லை. அப்போதும், ‘விழுந்திருக்கும்’ என்கிறோம்.

அப்படியானால் பல்லி விழுந்ததைச் சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள். வேண்டாம். அது அசுத்தம், கொட்டத்தான் வேண்டும். பல்லி விழக்கூடிய திறந்த பாத்திரத்தில் ஈயும் கரப்பானும் எலிப்புழுக்கையும் விழும். பல்லி ஒரு சமையலறையின் நிலைமையைச் சொல்கிறது. நோயின் காரணத்தைச் சொல்வதில்லை.

நோய் கண்ட அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நாம் செய்கிற தப்புகளில் பாதி முதலுதவியில் நடப்பவை. விஷம் முறிய வேண்டுமென்று உப்புக் கரைசலையும் புளிக்கரைசலையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிறார்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயில் போய்ச் சேரும். வயிற்றால் போகிறவருக்குத் தண்ணீர் கொடுக்காதே என்கிற கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். பேதியில் உயிர் போவது பெரும்பாலும் உடம்பில் நீர் வற்றித்தான். 1971இல் வங்காள அகதி முகாமில், காலராவில் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை வாய்வழி கொடுத்தே திலீப் மஹலநாபிஸ் என்ற மருத்துவர் அந்தச் சாவை நாலு பேருக்கும் கீழே கொண்டுவந்தார். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், இல்லையென்றால் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும். குழந்தை, கர்ப்பிணி, முதியவர், பேதியில் ரத்தம் கண்டவர், சிறுநீர் போகாதவர், கண் சொருகியவர்கள் முதல் வண்டியில் போகட்டும். 2022 அக்டோபரில் திருப்பூர் மாவட்டத்துத் திருமுருகன்பூண்டியில் ஒரு காப்பகத்தில் சாப்பிட்ட சிறுவர்களுக்கு வாந்தியும் பேதியும் கண்டு, மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு, பிள்ளைகள் விஷயத்தில் கூடவே கூடாது.

மற்ற பாதி, சாட்சியை அழிப்பது. மீதிச் சோற்றை நாய்க்குப் போடுவார்கள், குழம்பை ஆற்றில் கொட்டுவார்கள், அண்டாவைச் சாம்பல் போட்டு விளக்கி விடுவார்கள். அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் கீழே சீவலப்பேரியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் குடிக்கிறார்கள். ஒவ்வொரு பதார்த்தத்திலும் கால் கிலோ அளவு எடுத்து, சுத்தமான பாத்திரத்தில் மூடி, ஐஸ் பெட்டியிலோ ஃப்ரிட்ஜிலோ வைத்து உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுங்கள். தண்ணீரும் ஒரு பாட்டில். ஆஸ்பத்திரியில் ஆன்டிபயாடிக் ஏற்றுமுன் மலத்தைச் சோதனைக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியை ஒட்டியே 1965இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருமியைக் கண்டுபிடிக்கும் படிப்பு அங்கே நடக்கிறது. மாதிரி போனால்தான் முடிவு வரும்.

சட்டமும் நம் பக்கம்தான். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாபம் கருதாத உணவு வழங்கலையும் கணக்கில் கொள்கிறது. கோயில், சமூக விழாக்களில் உணவு வழங்குவோர் நூறு ரூபாய் கட்டிப் பதிவு செய்ய வழி உண்டு. உணவு விஷமானதை மருத்துவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரத்தை அதன் 35ஆம் பிரிவு தருகிறது. கெட்ட உணவால் உயிர் போனால் குறைந்தது ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 65ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் உணவுதான் காரணம் என்று நிறுவ வேண்டுமே. பாத்திரத்தை விளக்கிவிட்டு, பல்லி விழுந்தது என்று எழுதிக் கொடுத்தால் இறந்தவர் வீட்டாருக்கு என்ன கிடைக்கும்?

செய்தி எழுதுகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வக முடிவு வராமல் ‘பல்லி விழுந்த உணவால்’ என்று எழுதாதீர்கள். எத்தனை மணிக்குச் சமைத்தது, எத்தனை மணிக்குப் பரிமாறியது, எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். பத்து நாள் கழித்து ஆய்வக முடிவைக் கேட்டு அதையும் போடுங்கள்.

கொடைக் கமிட்டிக்காரர்களுக்கு: வில்லுப்பாட்டுக்கும் பந்தலுக்கும் வரி ஒதுக்குகிறீர்கள். அடுத்த ஊர்க்கூட்டத்தில் ஒரு படித்த பையனையோ பெண்ணையோ நோட்டும் பேனாவும் கொடுத்து அடுப்படியில் நிறுத்த முடிவெடுங்கள். எந்த அண்டா எப்போது இறங்கியது, எப்போது காலியானது என்று அவர் எழுதட்டும். நாலு மணி நேரம் தாண்டி வெறுமனே கிடந்த எதையும் பரிமாறவிடாத அதிகாரத்தையும் அவருக்கே கொடுங்கள். கறியை ஒரே அண்டாவில் ஆக்காமல் பந்திக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பாத்திரத்தில் ஆக்கச் சொல்லுங்கள். கையில் புண்ணோ, பேதியோ உள்ளவர் அன்று வேறு வேலை பார்க்கட்டும். இருபது ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வையுங்கள். அதற்காகும் செலவு ஒரு வெடிக்கட்டு விலைகூட வராது.